பழிசுமத்தலும் குறைகூறலும்: ஆங்கில வினைச்சொற்களின் பொருண்மையும் தமிழாக்கச் சிக்கல்களும்

ஆய்வுச் சுருக்கம்

பிறர் மீது பொறுப்பை ஏற்றுவதற்கும் பிறர் செயலைக் குறைகூறுவதற்கும் ஆங்கிலத்தில் பல வினைச்சொற்கள் உள்ளன. அகராதிகளில் அவை ஒன்றுக்கொன்று ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும், எதைக் கூறுகின்றன, எதை ஏற்கெனவே மெய்யென்று கொள்கின்றன என்ற அளவில் தம்முள் வேறுபடுகின்றன. சார்லஸ் ஃபில்மோர் 1969இல் முன்வைத்த பகுப்பாய்வை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வேறுபாடுகளை விளக்குகிறது. ‘-தாக’, ‘-தற்காக’ என்னும் தமிழ் வடிவங்கள் அவ்வேறுபாடுகளைத் தாங்கவல்லவை என்பதையும், அவற்றைக் கருதாத மொழியாக்கம் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குற்றவாளியாக்கிவிடும் என்பதையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பொருண்மையியல், முற்கோள், தீர்ப்பு வினைகள், மொழிபெயர்ப்பு, இதழியல் தமிழ், சட்டத்தமிழ்

1. முன்னுரை

ஒரு தீங்கு நேர்ந்தவிடத்து மனிதர் எழுப்பும் முதல் வினா ‘யார் காரணம்?’ என்பதாகும். அவ்வினாவுக்கு விடை சொல்லும் சொற்கள் எல்லா மொழிகளிலும் உள்ளன. ஆங்கிலத்தில் அக்யூஸ், பிளேம், கிரிட்டிசைஸ், சார்ஜ், சென்ஷர், கண்டெம், ரிப்யூக், ரெப்ரோச், ஸ்கோல்ட் முதலியன இவ்வகையின. ஆங்கில-தமிழ் அகராதிகளைப் புரட்டினால் ‘குற்றஞ்சாட்டு’, ‘குறைகூறு’, ‘பழி’, ‘கண்டி’, ‘கடிந்துகொள்’ ஆகிய சில சொற்களே இவை அனைத்திற்கும் மாறிமாறி வழங்கப்பட்டிருப்பதைக் காணலாம். சொற்பொருள் நெருக்கமே இதற்குக் காரணம். ஆயினும் செய்தித்தாளிலும் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் இச்சொற்களுள் ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று வருமாயின், ஒருவருடைய நற்பெயருக்கே ஊறு நேரும். ஆகவே இவற்றின் உள்ளமைப்பை ஆராய்வது அகராதியியலுக்கு மட்டுமன்றிப் பொதுவாழ்வுக்கும் பயனுடையதாகும்.

2. தீர்ப்பு வினைகளின் பொது அமைப்பு

அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் 1969இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இவ்வகை வினைகளைத் ‘தீர்ப்பு வினைகள்’ எனத் தொகுத்து ஆராய்ந்தார். இவ்வினைகள் அனைத்தின் பின்னணியிலும் ஒரு பொதுக்காட்சி உள்ளது. நிகழ்வொன்று உண்டு, அதற்குப் பொறுப்புடையவராகக் கருதப்படுபவர் ஒருவர் உண்டு, அந்நிகழ்வின் நன்மை தீமைகளையோ அவருடைய பொறுப்பையோ மதிப்பிடுபவர் ஒருவர் உண்டு. இம்மூவகை உறுப்புகளையும் அவர் முறையே நிலைமை, எதிராளி, தீர்ப்பாளர் என்னும் பொருள்பட வழங்கினார். ‘தீர்ப்பாளர்’ என்பது இங்கு நீதிபதியைக் குறிப்பதன்று. மதிப்பீடு செய்யும் எவரையும் குறிக்கும்.

பின்னாளில் ஃபில்மோர் வளர்த்தெடுத்த சட்டகப் பொருண்மையியலுக்கு இப்பகுப்பாய்வு ஒரு தொடக்கப்படியாக அமைந்தது. சொல்லொன்றின் பொருளை அறிய வேண்டுமாயின் அச்சொல் எழுப்பும் முழுக்காட்சியையும் அறிதல் வேண்டும் என்பது அக்கோட்பாட்டின் சாரம். 1997இல் பெர்க்லியில் தொடங்கப்பெற்ற ஃபிரேம்நெட் என்னும் சொற்களஞ்சியத் திட்டம் இக்கோட்பாட்டின் வழிப்பட்டதே. அத்திட்டம் மனத்துள் நிகழும் மதிப்பீட்டையும், வாய்மொழியாகவோ எழுத்தாகவோ வெளிப்படுத்தப்படும் மதிப்பீட்டையும் இரு வேறு சட்டகங்களாகப் பிரித்துக் காட்டுகிறது.

3. கூற்றும் முற்கோளும்

ஒரு தொடர் வெளிப்படையாக உரைக்கும் செய்தியைக் கூற்று எனலாம். அத்தொடர் பொருள்படுவதற்கு முன்கூட்டியே மெய்யென்று கொள்ளப்படும் செய்தி முற்கோள் எனப்படும். தொடரை எதிர்மறையாக்கினும் முற்கோள் கெடாது நிற்கும். முற்கோளைக் கண்டறிய மொழியியலார் கையாளும் எளிய சோதனை இதுவே.

அக்யூஸ், கிரிட்டிசைஸ் என்னும் இரு வினைகளும் இவ்வகையில் ஒன்றற்கொன்று தலைகீழானவை என்று ஃபில்மோர் காட்டினார். ‘கடிதம் எழுதியதாக ஒருவர் மற்றொருவரை அக்யூஸ் செய்தார்’ என்னுமிடத்து, கடிதம் எழுதியது தீது என்பது முற்கோள்; எழுதியவர் இவரே என்பது கூற்று. ‘கடிதம் எழுதியதற்காக ஒருவர் மற்றொருவரை கிரிட்டிசைஸ் செய்தார்’ என்னுமிடத்து, எழுதியவர் இவரே என்பது முற்கோள். எழுதியது தீது என்பது கூற்று. முன்னதில் செயலின் தன்மை ஐயமற்றது, ஆளே வினாவுக்குரியவர். பின்னதில் ஆள் ஐயமற்றவர். செயலின் தன்மையே வினாவுக்குரியது.

எதிர்மறைச் சோதனை இதனை உறுதிசெய்யும். ‘எழுதியதாக அவரை அக்யூஸ் செய்யவில்லை’ என்றாலும் எழுதுதல் தீது என்னும் கருத்து மாறுவதில்லை. அவர் எழுதினாரா என்பது மட்டும் திறந்த வினாவாகவே நிற்கிறது. ‘எழுதியதற்காக அவரை கிரிட்டிசைஸ் செய்யவில்லை’ என்றாலோ அவர் எழுதினார் என்பது மாறுவதில்லை.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. முற்கோளுக்குரியவர் யார்? ‘மாணவரிடம் இரக்கம் காட்டியதாக ஆசிரியரை அக்யூஸ் செய்தனர்’ என்று ஒருவர் எழுதினால், இரக்கம் தீது என்பது எழுதுபவரின் கருத்தன்று, சாட்டியவர்களின் கருத்தேயாகும். அதனாலேயே அத்தொடரில் அங்கதச்சுவை பிறக்கிறது. ஆகவே அக்யூஸ் என்பதன் ‘தீமை’ முற்கோளைச் செய்தி தருபவர் மீது ஏற்றாமல், தீர்ப்பாளர் மீது ஏற்றி வாசித்தல் வேண்டும். முற்கோள், கூற்று என்னும் பாகுபாட்டின் எல்லைகளை ஜேம்ஸ் மக்காலி 1975இல் வெளியிட்ட கட்டுரை மேலும் விவாதத்துக்கு உள்ளாக்கியது. எனினும் இவ்விரு வினைகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு இன்றும் பாடநூல்களில் எடுத்துக்காட்டாக வழங்குகிறது.

4. ‘-தாக’வும் ‘-தற்காக’வும்

ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டை முன்னிடைச்சொற்களும் உணர்த்துகின்றன. அக்யூஸ் என்னும் வினை ‘ஆஃப்’ என்பதையும், சார்ஜ் என்பது ‘வித்’ என்பதையும், கிரிட்டிசைஸ், பிளேம், சென்ஷர் முதலியன ‘ஃபார்’ என்பதையும் ஏற்கின்றன. இவ்வினைகளோடு வரும் ‘ஃபார்’ பெரும்பாலும் நிகழ்வு நடந்தது என்பதை உட்கொண்டு நிற்கும். ‘ஆஃப்’, ‘வித்’ ஆகியன அவ்வாறு நிற்பதில்லை.

தமிழில் இப்பணியை வினையடியாகப் பிறந்த இரு வடிவங்கள் செய்கின்றன. ‘எழுதியதாக’ என்பது பிறர் கூற்றை எடுத்துரைக்கும் வடிவம். அச்செயல் நிகழ்ந்தது என்பதற்கு அது உறுதி தருவதில்லை. ‘வந்ததாகச் சொன்னார்கள்’ என்றால் வந்தாரா இல்லையா என்பது தெளிவாவதில்லை. ‘எழுதியதற்காக’ என்பதோ இறந்தகால வடிவோடு நான்காம் வேற்றுமையும் ‘ஆக’ என்பதும் சேர்ந்து காரணப்பொருள் தருவது. அச்செயல் நிகழ்ந்தது என்பதை அது உட்கொள்கிறது. ‘எழுதுவதற்காக’ என்னும் எதிர்கால வடிவம் நோக்கப்பொருள் தருவதாகலின் இங்கு கருதப்படவில்லை.

எனவே ‘கையூட்டுப் பெற்றதாக அதிகாரி மீது குற்றஞ்சாட்டப்பட்டது’ என்பது அக்யூஸ் என்பதற்கு முற்றும் இயைந்த தமிழாக்கம். ‘கையூட்டுப் பெற்றதற்காக அதிகாரி மீது குற்றஞ்சாட்டப்பட்டது’ என்பது அவ்வாறன்று. இரண்டாம் தொடர் கையூட்டுப் பெற்றதை நடந்த நிகழ்வாக்கிவிடுகிறது. வழக்கு விசாரணைக்கு முன்பே தீர்ப்பு இலக்கணத்தின் வழியே வழங்கப்பட்டுவிடுகிறது. ‘கொலை செய்ததற்காகக் கைது’ என்னும் தலைப்பும் இத்தகையதே. ஆங்கில இதழியலிலும் இச்சிக்கல் உணரப்பட்டுள்ளது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நடைக்கையேடு, ‘கொன்றதற்காகக் கைது’ என்னும் பொருள்படும் தொடரை விலக்கி, ‘கொன்றதாகிய குற்றச்சாட்டின் பேரில் கைது’ என்னும் பொருள்படும் தொடரையே ஆளுமாறு அறிவுறுத்துகிறது. விசாரணைக்கு முன்னரே ஒருவரைத் தீர்ப்பிட்டுவிட்டது போன்ற தோற்றம் எழலாகாது என்பதே அதற்குக் காட்டப்படும் காரணம்.

தமிழில் இச்சிக்கல் பெயர்ச்சொல்லிலும் உண்டு. வழக்கொன்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை வரிசைப்படுத்தும்போது ‘முதல் குற்றவாளி’, ‘இரண்டாம் குற்றவாளி’ என்று எழுதும் வழக்கம் இதழ்களில் பரவலாக உள்ளது. ‘குற்றவாளி’ என்பது குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவருக்கே உரிய சொல். குற்றஞ்சாட்டப்பட்ட நிலையில் உள்ளவரை அவ்வாறு வழங்குதல் சட்டத்தின் அடிப்படை நெறிக்கே முரணாகும். தமிழ்நாட்டுக் காவல்துறை, நீதிமன்ற ஆவணங்களில் வழங்கும் ‘எதிரி’ என்னும் சொல், பொதுவழக்கில் பகைவனைக் குறிப்பினும், வழக்கின் எதிர்த்தரப்பு என்னும் அளவிலேயே நிற்பதால் இவ்வகையில் நடுநிலை வாய்ந்தது.

5. பிளேம்: மனத்தீர்ப்பும் சுமையும்

பிளேம் என்னும் வினை மேற்கண்ட இரண்டினின்றும் வேறுபடுவது. நிகழ்வும் அதன் தீமையும் இங்கு ஐயமற்றவை; பொறுப்பை ஒருவர்பால் சேர்த்தலே கூற்று. இச்சொல்லுக்கு மூன்று தனித்தன்மைகள் உள்ளன.

முதலாவது, பிளேம் என்பதைப் பேசாமலே நிகழ்த்தலாம். ஒருவரை மனத்துள்ளேயே பொறுப்பாளராகக் கருதி ஆண்டுக்கணக்கில் வாளாவிருக்கலாம். அக்யூஸ், கிரிட்டிசைஸ் ஆகியன இயல்பாக மொழிச்செயல்கள். வெளிப்படுத்தப்படாதவிடத்து அவை நிறைவேறுவதில்லை. ஜே. எல். ஆஸ்டின் 1962இல் வெளிவந்த தம் நூலில், சொல்லுதலாலேயே நிகழும் வெளிப்படைச் செயல்தொடர்களின் வரிசையில் கிரிட்டிசைஸ், சென்ஷர் ஆகியவற்றை வைத்து, பிளேம் என்பதைப் பாதி விவரிப்பும் பாதி செயலுமாக நிற்கும் வரிசையில் சேர்த்தது இதனோடு ஒத்துப்போகிறது.

இரண்டாவது, பிளேம் என்பதன் எதிராளி உயிருள்ளவராக இருத்தல் வேண்டுமென்பதில்லை. மழையையும் சாலையையும் பிளேம் செய்யலாம். ஆனால் மழையை அக்யூஸ் செய்தல் அணிவழக்காகவே அமையும். தமிழாக்கத்தில் இங்கு கவனம் தேவை. தாமதத்துக்கு மழையை ஒருவர் பிளேம் செய்தார் என்பதனை ‘மழை மீது பழிபோட்டார்’ என்று பெயர்த்தால், அவர் சாக்குச் சொன்னார் என்னும் பொருள் ஏறிவிடும். ‘பழிபோடு’ என்பது உண்மையன்று என்னும் குறிப்பைப் பெரும்பாலும் தன்னுள் கொண்டது. பிளேம் என்பதற்கு அக்குறிப்பு கட்டாயமன்று. ‘மழையே காரணம் என்றார்’ என்பதே இவ்விடத்துக்குப் பொருந்தும்.

மூன்றாவது, இவ்வினை இருவகைத் தொடரமைப்பை ஏற்கும். நிகழ்வுக்காக ஆளை பிளேம் செய்வது ஒருவகை. நிகழ்வை ஆளின் மேல் பிளேம் செய்வது மற்றொரு வகை. இரண்டாம் அமைப்பில் பழி ஒரு பொருளைப்போல் ஓரிடத்தில் வைக்கப்படுகிறது. பழியை ஏற்றல், பகிர்தல், மாற்றுதல், இறக்கிவைத்தல் என ஆங்கிலப் பெயர்ச்சொல்லும் சுமையுருவகத்திலேயே இயங்குகிறது. ‘பழி சுமத்து’, ‘பழி ஏற்று’ என்னும் தமிழ்த்தொடர்களும் அவ்வாறே. குற்றச்சாட்டைக் குறிக்கும் சார்ஜ் என்னும் சொல், வண்டியில் பாரமேற்றுதலைக் குறித்த பிற்கால இலத்தீன் சொல்லினின்று பிறந்தது என்பதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

சுமையுருவகத்தின் மிகப் பழைய வடிவத்தை ஸ்கேப்கோட் என்னும் சொல்லில் காணலாம். வில்லியம் டிண்டேல் 1530இல் வெளியிட்ட விவிலிய மொழிபெயர்ப்பில் லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரத்துக்காக இச்சொல்லை ஆக்கினார். மக்களின் பாவங்கள் யாவும் ஏற்றப்பட்ட ஆடு கொல்லப்படாமல் பாலைநிலத்துக்கு ஓட்டிவிடப்படுகிறது. தமிழ் விவிலியம் இதனைப் ‘போக்காடு’ என்று பொருத்தமாக மொழிபெயர்த்தது. இன்றைய வழக்கிலுள்ள ‘பலிகடா’ என்பதோ வெட்டப்படும் விலங்கைக் குறிப்பது. பிறர் பிழையைச் சுமந்து வெளியேற்றப்படுபவர் என்னும் கருத்துக்குப் போக்காடே நெருங்கியது.

6. சொற்பிறப்பு தரும் விளக்கம்

இச்சொற்களின் வரலாறு அவற்றின் இன்றைய பொருள்நிறத்தை ஓரளவு விளக்கும். பிளேம் என்பது இறைநிந்தனையைக் குறித்த கிரேக்கச் சொல்லினின்று இலத்தீன், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. பிளாஸ்ஃபீம் என்னும் சொல் இதன் உடன்பிறப்பு. அக்யூஸ் என்பது வழக்கு, காரணம் எனப் பொருள்படும் இலத்தீன் ‘காவுசா’ என்பதனடியாகப் பிறந்தது. ஆகவே நீதிமன்ற வாடை அதனிடத்து இன்றும் நீங்கவில்லை. கிரிட்டிசைஸ் என்பதன் மூலம், பிரித்தறிதலைக் குறிக்கும் கிரேக்க வினையாகும்.

கிரிட்டிசைஸ் என்பதன் பிற்கால வளர்ச்சி தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. கலைப்படைப்பை ஆய்ந்து மதிப்பிடும் துறையை அதன் பெயர்வடிவம் நடுநிலையாகக் குறிக்க, வினைவடிவமோ பொதுவழக்கில் குறைகூறலாகச் சுருங்கியது. வடமொழியில் ஆராய்தலைக் குறித்த ‘விமர்ச’ என்னும் சொல்லிலிருந்து வந்த ‘விமர்சனம்’ என்பதற்கும் இதுவே நேர்ந்தது. திரைப்பட விமர்சனம் பாராட்டாகவும் அமையலாம். ‘அரசை விமர்சித்தார்’ என்றாலோ எதிர்ப்பே பொருள். ஆங்கிலம் இழந்த நடுநிலையைக் கிரிட்டிக் என்னும் வினையால் மீட்க முயன்றது. தமிழ் ‘திறனாய்வு’ என்னும் ஆக்கச்சொல்லால் மீட்டது.

7. யார், யாரை, எங்ஙனம்

குறைகூறல் வினைகள் தம்முள் வேறுபடுவது கடுமையின் அளவால் மட்டுமன்று. கூறுபவர்க்கும் கேட்பவர்க்கும் உள்ள உறவாலும் இடத்தாலும் ஆகும். ரெப்ரிமாண்ட் என்பது மேலதிகாரி கீழ்நிலையிலுள்ளவரை முறைப்படி கண்டித்தல். ரிப்யூக் என்பது நேர்நின்று கடிந்துரைத்தல். ரெப்ரோச் என்பதில் சினத்தினும் மனத்தாங்கல் மிகுதி. நெருங்கியவரிடத்தே அது நிகழும். தமிழில் ‘நொந்துகொள்’ என்பது இதற்கு அணித்தாகும். டினவுன்ஸ் என்பது பலரறியச் சாடுதல். தனியறையில் அது நிகழ்வதில்லை. கார்ப் என்பது சிறு குறைகளை ஓயாது தேடிச் சொல்லுதல்; இச்சொல்லை ஆள்பவர் குறைகூறுபவரையே குறைகூறுகிறார்.

நேர்நின்று திருத்தும் பொருட்டுக் கடிதலையும் புறத்தே நின்று பழித்தலையும் வேறுபடுத்துதல் தமிழ் மரபுக்கும் உரியது. திருக்குறள் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் தவறு கண்டவிடத்து இடித்துரைக்கும் துணையை அரசனுக்கு இன்றியமையாததாகக் கூறி, புறங்கூறாமை அதிகாரத்தில் காணாவிடத்துப் பழித்தலை விலக்குகிறது. ‘இடித்துரை’ என்பது ரிப்யூக் என்பதற்கு உரிய சொல்லாதற்கு இந்நோக்கமே சான்று.

ஸ்கோல்ட் என்னும் சொல் சமூக வரலாறு கொண்டது. புலவனைக் குறித்த பழைய நார்டிக் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படும் இச்சொல், இடைக்கால ஆங்கிலத்தில் ஓயாது ஏசும் பெண்ணைக் குறிக்கலாயிற்று. அண்டை வீட்டார் அமைதியைக் குலைக்குமாறு ஏசும் பெண் ‘காமன் ஸ்கோல்ட்’ என்று தண்டிக்கத்தக்கவளானாள். இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டமே இக்குற்றத்தை நீக்கியது. குறைகூறும் உரிமை யாருக்கு உண்டு என்னும் சமூகத்தின் கருத்தைச் சொல்லே சுமந்து நிற்பதற்கு இது தக்க சான்றாகும்.

8. நிறுவனச் சொற்கள்

அரசியல் நிறுவனங்கள் ஆளும்போது இச்சொற்கள் வரையறுத்த விளைவுகளைப் பெறுகின்றன. அமெரிக்க மேலவை 1954 டிசம்பர் 2 அன்று உறுப்பினர் ஜோசப் மெக்கார்த்திக்கு எதிரான தீர்மானத்தை 67க்கு 22 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. அதன் இறுதி வாசகத்தில் சென்ஷர் என்பதற்கு மாறாகக் கண்டெம் என்னும் சொல்லே இடம்பெற்றது. அதனால் அது முறையான சென்ஷர்தானா என்னும் வினா எழுந்தது; வரலாற்றில் அது அவ்வாறே எண்ணப்படுகிறது. தமிழில் இரண்டுமே ‘கண்டனம்’ ஆகிவிடுவதால் அவ்விவாதத்தின் பொருள் புலப்படாது போகும்.

இம்பீச் என்பதில் சிக்கல் இன்னும் பெரிது. அமெரிக்காவில் கீழவை குற்றச்சாட்டை முறைப்படி முன்வைத்தலே இம்பீச். பதவிநீக்கம் மேலவையின் தீர்ப்பைப் பொறுத்தது. பில் கிளிண்டன் 1998இலும், டொனால்ட் டிரம்ப் 2019, 2021 ஆகிய ஆண்டுகளிலும் இம்பீச் செய்யப்பட்டனர். இருவரும் மேலவையில் விடுவிக்கப்பட்டனர். தமிழக இதழ்கள் இதனைப் ‘பதவி நீக்கத் தீர்மானம்’ என்று வழங்குவதால், தீர்மானம் நிறைவேறியது என்னும் செய்தியைப் படிப்பவர், அதிபர் பதவி இழந்தார் என்று மயங்க இடமுண்டு. இலங்கைத் தமிழ் வழக்கிலுள்ள ‘குற்றப் பிரேரணை’ என்பது சாட்டுதலையே முன்னிறுத்துவதால் இப்பிழைக்கு இடந்தருவதில்லை.

9. சொல்லாமற் சுமத்தும் இலக்கணம்

பழிச்சொல் எதுவும் இன்றியே பழி சுமத்தவும் நீக்கவும் இலக்கணத்தால் இயலும். கெய்ட்லின் ஃபாசி, லெரா போரோடிட்ஸ்கி ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதித்தது. ஒரே நிகழ்வை ‘அவர் கிழித்தார்’ என்னும் பொருள்படப் படித்தவர்கள், ‘கிழிந்தது’ என்னும் பொருள்படப் படித்தவர்களை விட மிகுதியான பழியையும் இழப்பீட்டுப் பொறுப்பையும் அவர் மீது ஏற்றினர். நிகழ்வின் காணொளியைக் கண்டவர்களிடத்தும் இவ்வேறுபாடு நீடித்தது.

ஆங்கிலத்தில் ஒரே வினை இருவகையாகவும் நிற்பதுண்டு. தமிழிலோ உடைந்தது–உடைத்தார், கிழிந்தது–கிழித்தார், கவிழ்ந்தது–கவிழ்த்தார் என வடிவிலேயே இவை வேறுபடுகின்றன. ஆகவே தமிழில் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் ஒருபக்கம் சாய்ந்தே தீரவேண்டும். ‘பேருந்து கவிழ்ந்தது’ என்பதனைக் ‘கவிழ்த்தார்’ என்று எழுதுவதற்குச் சான்று வேண்டும். மறுதலையாக, ‘தவறுகள் நேர்ந்துவிட்டன’ என்னும் அறிக்கை தவற்றை ஒப்பி, தவறிழைத்தவரை மறைக்கும். 1987ஆம் ஆண்டு சனவரி உரையில் ரொனால்ட் ரேகன் ஈரான் விவகாரம் பற்றி இவ்வகைத் தொடரை ஆண்டமை, ஆங்கில அரசியல் மொழிக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு.

10. முடிவுரை

பழிசுமத்தும் வினைகளையும் குறைகூறும் வினைகளையும் பெயர்க்குமிடத்துக் கருதத்தக்க வினாக்கள் நான்கு எனலாம்: நிகழ்வு நடந்தது உறுதிதானா, அதற்குரியவர் யாரென்பது உறுதிதானா, அது தீது என்பது யாருடைய கருத்து, கூறுபவருக்கு அதனைக் கூறும் நிறுவன அதிகாரம் உண்டா. இந்நான்கிற்கும் விடை கண்டபின் ‘குற்றஞ்சாட்டு’, ‘காரணமாக்கு’, ‘பழிபோடு’, ‘விமர்சி’, ‘கண்டி’, ‘இடித்துரை’ என்பவற்றுள் உரியதைத் தேர்தல் எளிது. ஆங்கில-தமிழ் அகராதிகள் இவ்வினைகளுக்கு நிகர்ச்சொல் தருவதோடு அமையாது, அவை ஏற்கும் ‘-தாக’, ‘-தற்காக’ வடிவங்களையும் எடுத்துக்காட்டோடு தருதல் வேண்டும். நிகர்ச்சொல் சரியாக அமைந்தும் ஈற்றுவடிவம் பிழைபடுமாயின், மெய்ப்பிக்கப்படாத குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகவே வாசகரைச் சென்றடையும்.